குறியும் மெய்யும்: சுடுதல் விளையாட்டுகளில் படைக்கலப் புழக்கத்தின் மெய்ம்மை

முன்னுரை

மைசூருவை அடுத்த சீரங்கப்பட்டணத்தில், தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவரில் புள்ளலூர்ப் போர் ஓவியமாகத் தீட்டப்பட்டுள்ளது. காஞ்சிபுரத்திற்கு அருகிலுள்ள அவ்வூரில் 1780 செப்டம்பர் 10 அன்று ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் படையிடம் கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படை தோல்வியுற்றது. பலமுறை புதுப்பிக்கப்பட்ட அவ்வோவியத்தில் துப்பாக்கி ஏந்திய வீரர்கள் ஒருவரைப் போலவே மற்றவரும் வரிசையாக நிற்கின்றனர். எவன் எவ்வாறு குறிபார்க்கிறான் என்பதில் ஓவியருக்கு அக்கறை இல்லை. ஆயின் ஆங்கிலப் படையின் வெடிமருந்து வண்டி வெடித்துச் சிதறுவதும், காயமுற்ற பெய்லி பல்லக்கில் விரலை வாயில் வைத்தபடி அமர்ந்திருப்பதும் பார்ப்போர் மனத்தை விட்டு அகலாதவை. அங்குப் படைக்கலம் பொதுமையாகவும் அதன் விளைவு தனித்தன்மையோடும் சித்திரிக்கப்பட்டுள்ளன.

அம்மாளிகையைக் கண்டு திரும்பும் இளைஞர்களின் கைபேசிகளில் உள்ள போர்க்காட்சி இதற்கு நேர்மாறானது. துப்பாக்கியின் பெயர், தோட்டாவின் விட்டம், குழலின் முனையில் பொருத்தும் துணைக்கருவி ஆகிய அனைத்தும் அதில் தனித்தனியே உள்ளன. சுடப்பட்டு வீழ்பவனுக்கோ தனித்தன்மை ஏதுமில்லை. இவ்விரு சித்திரிப்புகளுள் மெய்ம்மை உடையது எது என்னும் வினாவிலிருந்து இக்கட்டுரை தொடங்குகிறது. கடந்த சில ஆண்டுகளில் இந்தியாவில் இவ்விளையாட்டுகள் பற்றி எழுந்த விவாதங்கள் பெரும்பாலும் அடிமைப் பழக்கம், வன்முறை, தடை என்னும் மூன்றிற்குள் அடங்கிவிட்டன. அவற்றைப் பனுவலாகக் கொண்டு, அவை எதனை மெய்யெனக் காட்டுகின்றன, எதனை மறைக்கின்றன என்று ஆராயும் திறனாய்வு தமிழில் போதிய அளவில் நிகழவில்லை. படைக்கலத்தைக் கையாளுதல், குறிபார்த்தல் என்னும் இரு கூறுகளை மட்டும் எடுத்துக்கொண்டு இக்கட்டுரை அப்பணியை மேற்கொள்கிறது.

அளவுகோல்

தொல்காப்பிய அகத்திணையியல் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்னும் இரண்டும் இயைந்ததையே புலனெறி வழக்கமாகக் கொள்கிறது. இஃது அகப்பாடலுக்குக் கூறப்பட்ட விதியேயாயினும் புனைவின் மெய்ம்மையை அளப்பதற்கு இன்றும் துணைபுரியக்கூடியது. குறிஞ்சிப் பூவும் தினைப்புனமும் உலகியல். குறையேதும் இல்லாத தலைவனும் தலைவியும் நாடகம். அவ்வாறே, தொலைவு கூடக்கூடத் தோட்டா தாழ்வது உலகியல். நூறு பேர் வானூர்தியிலிருந்து ஒரு தீவில் குதித்து ஆளில்லா வீடுகளில் துப்பாக்கி தேடுவது நாடகம். எனவே, ‘இவ்விளையாட்டு மெய்யானதா?’ என்னும் வினா பொருளற்றது. உலகியலிலிருந்து எதனை எடுத்துக்கொண்டது, எதனை நாடகத்திற்கு விட்டது, அத்தேர்வின் விளைவு யாது என்பனவே கேட்கத்தக்க வினாக்கள்.

இதனோடு மற்றொன்றும் கருதத்தக்கது. தமிழில் ‘மெய்’ என்னும் சொல் உண்மையையும் உடலையும் ஒருங்கே குறிக்கும். உள்ளத்து உணர்வு உடலில் புலப்படுவதையே தொல்காப்பியம் மெய்ப்பாடு என்கிறது. அவ்வகையில் நோக்கினால், சுடுதலில் மெய்ம்மை என்பது இரும்பின் மெய்ம்மை அன்று. சுடுவோன் உடலின் மெய்ம்மையாகும். மூச்சு, நடுக்கம், களைப்பு, அச்சம் ஆகியன துப்பாக்கியின் நுனிவரை சென்று குறியை அசைப்பதே அதன் இயல்பு.

கண்ணும் கையும் பிரிந்த வரலாறு

1993இல் வெளிவந்த ‘டூம்’ விளையாட்டில் துப்பாக்கி திரையின் நடுவே ஒட்டியிருக்கும். மேலும் கீழும் குறிபார்க்கும் வசதி அதில் இல்லை. எதிரி மேட்டில் நின்றாலும் தோட்டா தானாகவே மேல்நோக்கிச் சென்று தாக்கும். பார்வை செல்லும் இடமெல்லாம் தோட்டா செல்லும் என்பதே அதன் மரபு. கண் வேறு, கை வேறு என்னும் வேறுபாடு அங்கு இல்லை. திரையின் நடுவில் குறுக்குக்கோடு இட்ட பிற்கால விளையாட்டுகள் பலவும் இம்மரபையே தொடர்ந்தன.

இதனை மாற்றிய முயற்சிகளுள் செக் நாட்டு பொஹீமியா இன்டராக்டிவ் நிறுவனத்தின் ‘ஆபரேஷன் ஃபிளாஷ்பாயிண்ட்’ (2001) குறிப்பிடத்தக்கது. அதில் துப்பாக்கி திரையின் நடுவில் கட்டுண்டு கிடக்காமல் ஒரு சிறு எல்லைக்குள் தனியே அசையும். முதலில் கை நகர, பின்னரே பார்வை திரும்பும். 2006இல் வெளிவந்த ‘ரெட் ஆர்க்கெஸ்ட்ரா: ஆஸ்ட்ஃபிரன்ட் 41–45’ திரையிலிருந்து குறுக்குக்கோட்டையே நீக்கியது. ஆட்டக்காரர் துப்பாக்கியின் முன்குறியையும் பின்குறியையும் ஒருங்கே நேர்ப்படுத்தியாக வேண்டும். எஞ்சிய தோட்டாக்கள் எத்தனை என்று அது எண்ணால் அறிவிப்பதில்லை. மேகசினை மாற்றும்போது அது கனமாக உள்ளதா, இலேசாக உள்ளதா என்று மட்டுமே உணர்த்தும். எண்ணின் இடத்தில் எடையை வைத்த இச்சிறு மாற்றம், அறிவைக் கண்ணிலிருந்து கைக்கு மாற்றிய நுட்பமாகும்.

2012இல் ஒரு வாரப் போட்டிக்காக உருவாக்கப்பட்ட ‘ரிசீவர்’ இன்னும் ஒரு படி மேலே சென்றது. மேகசினைக் கழற்றுதல், தோட்டாக்களை ஒவ்வொன்றாகத் திணித்தல், மேகசினைப் பொருத்துதல், மேற்பகுதியைப் பின்னிழுத்து விடுதல் ஆகிய ஒவ்வொரு செயலுக்கும் அதில் தனித்தனி விசை உண்டு. பிற விளையாட்டுகளில் ஒரே பொத்தானில் முடியும் செயல் இதில் கைத்தொழிலாக விரிகிறது. எதிர்நிற்கும் ஆபத்து ஒருபுறமிருக்க, வரிசையை மறந்த தன் கையே ஆட்டக்காரரைத் தோற்கடிக்கும்.

கம்பர் இதற்கு எதிர்முனையில் நிற்கிறார். இராமன் வில்லை ஏந்திய காட்சிக்கும் அது முறிந்த ஓசைக்கும் இடைப்பட்ட கைத்தொழில் முழுவதையும் அவர் சொல்லாமல் விடுகிறார். அங்கு அவ்விடுபாடே வீரனின் பெருமை. கையின் உழைப்பைக் காட்டினால் அவன் மனிதனாகிவிடுவான். ‘ரிசீவர்’ அவ்விடைவெளியை நிரப்பிக் காட்டுவதால் வீரன் மறைந்து, தடுமாறும் மனிதன் தோன்றுகிறான். படைக்கலப் புழக்கத்தை விரித்துரைப்பதும் சுருக்கிச் சொல்வதும் வெறும் நுட்பத் தேர்வுகள் அல்ல. மனிதனைப் பற்றிய இருவேறு கருத்துகள் என்பது இதனால் பெறப்படும்.

துப்பாக்கி இல்லாத போர்

கர்நாடகத்தில் உருவான விளையாட்டு ஒன்று இவ்வகையில் தனியே ஆராயத்தக்கது. பெங்களூருவைச் சேர்ந்த என்கோர் கேம்ஸ் நிறுவனம் 2021 சனவரி 26 அன்று ‘ஃபௌஜி’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. பப்ஜி உள்ளிட்ட 118 செயலிகள் 2020 செப்டம்பர் 2 அன்று தடைசெய்யப்பட்ட சூழலில் அறிவிக்கப்பட்டதால், அதன் இடத்தை இது நிரப்பும் என்று பலரும் எதிர்பார்த்தனர். வெளிவந்தபோது அதில் துப்பாக்கியே இல்லை. கைகலப்பும் தடி போன்ற கருவிகளுமே இருந்தன. ஆட்டக்காரர் பலர் ஏமாற்றம் அடைந்தனர்.

ஆயின் அவ்விளையாட்டு எடுத்துக்கொண்ட களம் கல்வான் பள்ளத்தாக்கு. இருபது இந்திய வீரர்கள் உயிரிழந்த 2020 சூன் 15 மோதலில் துப்பாக்கிச்சூடு நிகழவில்லை. எல்லைக்கோட்டின் அருகே சுடுவதை விலக்கிய 1996ஆம் ஆண்டு இந்திய–சீன உடன்படிக்கை அதற்குப் பின்புலமாக இருந்தது. எனவே துப்பாக்கி இன்மையே அங்கு உலகியல் வழக்கு. வாசகர் எதிர்பார்த்த ‘மெய்ம்மை’ உண்மையில் பிற விளையாட்டுகளால் பழக்கப்பட்ட நாடக வழக்கே என்பதை இந்நிகழ்வு தெளிவாகக் காட்டுகிறது. நிகழ்வுக்கு உண்மையாக இருந்ததனாலேயே ஒரு பனுவல் பொய்யெனத் தோன்றியது.

இதனால் ‘ஃபௌஜி’ சிறந்த ஆக்கம் என்று கூறிவிட முடியாது. துப்பாக்கியை விலக்கிய துணிவுக்கு ஏற்ற உழைப்பு உடலைச் சித்திரிப்பதில் இல்லை. அடிக்கும் பொத்தான், தடுக்கும் பொத்தான் என்னும் சிலவற்றுள் கைகலப்பு சுருங்கியது. எதிரிகள் அடுத்தடுத்து வந்து ஒரே வகையில் வீழ்கின்றனர். உயர்ந்த மலைப்பகுதியின் மெல்லிய காற்றில் போரிடும் உடலுக்கு மூச்சு வாங்கும். குளிரில் விரல் மரத்துப்போகும். குறைந்த உயிர்வலிமையைத் தீமூட்டத்தின் அருகே அமர்ந்து மீட்டுக்கொள்ளும் வழியில் மட்டுமே அக்குளிர் குறிப்பாக உணர்த்தப்படுகிறது. கையின் இயக்கத்தில் அது இல்லை. அதே ஆண்டில் துப்பாக்கிகளுடன் கூடிய குழுப்போட்டி முறை சேர்க்கப்பட்டது. கருவியை நீக்கினால் உடலைக் கொண்டே ஈடுசெய்ய வேண்டும் என்னும் பாடத்தைக் கற்பதற்குள் அவ்வாக்கம் கருவியிடமே திரும்பிவிட்டது எனலாம்.

கைபேசியில் நடுங்கும் கை

பப்ஜியின் இந்திய வடிவமான ‘பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா’ 2021 சூலையில் வெளிவந்து, 2022 சூலையில் செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதத்தில் மீண்டும் வந்தது. இதில் கருவியின் உலகியல் மிக விரிவானது. 5.56 மி.மீ. தோட்டா ஒருவகைத் துப்பாக்கிக்கும் 7.62 மி.மீ. தோட்டா மற்றொரு வகைக்கும் பொருந்தும். தொலைவிற்கேற்பத் தோட்டா தாழும். ஓடும் எதிரியின் முன்னால் குறிவைக்க வேண்டும். தொடர்ந்து சுட்டால் பின்னுதைப்பால் குழல் மேலெழும். அதனைக் கட்டைவிரலால் கீழிழுத்து அடக்க வேண்டும்.

ஆனால் இப்பின்னுதைப்பு பழகப்பழக மனப்பாடமாகிவிடுகிறது. எந்தத் துப்பாக்கிக்கு எவ்வளவு கீழிழுக்க வேண்டும் என்பதைப் பயிற்சிக்களத்தில் கற்றுக்கொண்டவருக்கு அது பாடமேயன்றிப் பிழை அன்று. மேலும், துப்பாக்கியின் குறிகளைக் கொண்டு சுடுவோரின் கண் ஒரே நேரத்தில் முன்குறியிலும் இலக்கிலும் கூர்மைகொள்ள இயலாது. முன்குறியைத் தெளிவாகக் கண்டு, இலக்கைச் சற்று மங்கலாக விடுவதே துப்பாக்கிப் பயிற்சியின் முறை. விளையாட்டுத் திரையிலோ தொலைவிலுள்ள எதிரி பெரும்பாலும் தெளிவாகவே தெரிகிறான். துரோணரின் தேர்வில் பறவையின் தலை ஒன்றே தெரிந்த அருச்சுனனின் கண்ணை விளையாட்டு எல்லோர்க்கும் வழங்கிவிடுகிறது. மங்கலோடு முடிவெடுக்கும் மனிதக் கண் அங்கு இல்லை.

இவ்விளையாட்டில் உடலின் மெய்ம்மை எதிர்பாராத ஓரிடத்தில் நுழைகிறது. கைபேசியின் ஜைரோஸ்கோப் உணரியை இயக்கிவிட்டால், கைபேசியைச் சாய்க்கும் அளவிற்கேற்பத் துப்பாக்கி நகரும். குறியை நுட்பமாக அடக்கவே பலரும் இதனைப் பயன்படுத்துகின்றனர். ஆயின் இறுதி வட்டத்தில் இருவர் மட்டுமே எஞ்சியிருக்கும் வேளையில் ஆட்டக்காரரின் கை வியர்த்து நடுங்கினால் அந்நடுக்கம் நேரே குறிக்குள் பாய்கிறது. இங்கு அச்சம் வரையப்பட்ட அசைவு அன்று. ஆட்டக்காரரின் மெய்ப்பாடே படைக்கலத்தின் அசைவாகிறது. கணினித் திரையில் ‘மூச்சை அடக்கு’ என ஒரு விசையை அழுத்துவதைக் காட்டிலும் இஃது உண்மைக்கு நெருக்கமானது. பல்லாயிரம் மணி நேர உழைப்பில் வரையப்பட்ட இரும்பைவிட, கைபேசியைத் தாங்கிய மனிதக் கையே மெய்ம்மையை மிகுதியாகத் தருகிறது.

குறியும் புழக்கமும் வெவ்வேறு என்பதற்கு மைசூருவிலேயே சான்று உண்டு. தசரா ஊர்வலத்தின்போது ஏழு பீரங்கிகளைக் கொண்டு இருபத்தொரு குண்டு முழக்கம் செய்யப்படுகிறது. அதற்கு இலக்கு ஏதுமில்லை. வெடிப்பது வெறும் மருந்தே. எனினும் மருந்தை இடித்துச் செலுத்துதல், சுட்டபின் குழலினுள் எஞ்சிய பொறியை ஈரத்தால் அவித்தல் ஆகியவற்றில் காவல்துறையினர் முன்னதாகவே பயிற்சி பெறுகின்றனர். அவ்வோசைக்குப் பழக்குவதற்காக யானைகளையும் குதிரைகளையும் அருகே நிறுத்துகின்றனர். குறியே இல்லாத வெடியிலும் அருகிலுள்ள உடல்கள் அதிர்கின்றன. விளையாட்டுகள் பெரிதும் விடுவது இவ்வதிர்வையே.

பச்சைக் குருதியும் பெட்டியும்

இந்திய வடிவம் பெற்றபோது இவ்விளையாட்டில் நிகழ்ந்த மாற்றங்கள் கூர்ந்து நோக்கத்தக்கவை. குருதியின் நிறம் பச்சையாக்கப்பட்டது. கொல்லுதலைக் குறிக்கும் சொல்லின் இடத்தில் ‘முடித்தல்’ என்னும் பொருள்படும் ‘ஃபினிஷ்’ வந்தது. துப்பாக்கிகளின் புழக்கத்தில் இதற்கு இணையான மாற்றம் இல்லை. அஃதாவது, மெய்ம்மை குறித்த கவலை எழுந்தபோது கருவியின் மெய்ம்மை காப்பாற்றப்பட்டு, காயத்தின் மெய்ம்மை விலக்கப்பட்டது. இளையோரைக் காக்கும் நோக்கம் இதற்கு இருந்திருக்கலாம். ஆயின் சுடுதல் துல்லியமாகவும் சுடப்படுதல் வேடிக்கையாகவும் அமைந்த ஓர் உலகம் எதனைக் கற்பிக்கும் என்பது எண்ணத்தக்கது.

வீழ்ந்தவன் இவ்விளையாட்டில் ஒரு பெட்டியாகிறான். அவனிடமிருந்த தோட்டாக்களையும் கவசத்தையும் வென்றவன் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். வீழ்ந்த வீரனுக்குக் கல் காண்பது முதல் வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. தமிழகத்திலும் கர்நாடகத்திலும் ஊர்தோறும் நிற்கும் வீரக்கற்கள் அம்மரபின் சான்றுகள். நடுகல் வீழ்ந்தவனின் பெயரை நிறுத்துகிறது. பெட்டியோ அவனது உடைமையை மட்டும் எஞ்சவிடுகிறது. விளையாட்டு நடுகல் எழுப்ப வேண்டும் என்பது கருத்தன்று. புறமரபில் படைக்கலத்தின் வரலாறு வீழ்ந்தவனிடம் முடிய, இங்கு அடுத்த படைக்கலத்திடம் தொடங்குகிறது என்பதே சுட்டத்தக்கது.

பிழையின் மதிப்பு

வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்ததாக வன்பரணர் பாடிய புறப்பாடல் (புறம். 152) முழுமையான நாடக வழக்கு. அங்குக் குறி தவறாது. ஆயின் வேட்டத்தின் பயன் ஊனாகவும் கொடையாகவும் பாணர் கூட்டத்தைச் சேர்கிறது. அம்பின் திறம் பகிர்வில் நிறைவடைகிறது. மாறாக, முயலை வீழ்த்திய அம்பைக் காட்டிலும் யானைமீது எறிந்து தவறிய வேலை ஏந்துதல் இனிது என்கிறது திருக்குறள் (772). அங்குத் தவறிய குறிக்கு மதிப்புண்டு. எதனை எதிர்நின்றோம் என்பதே அளவு.

சுடுதல் விளையாட்டுகளின் கணக்கேடு இவ்விரண்டையும் அறியாது. வீழ்த்திய எண்ணிக்கை, பட்ட தோட்டாவின் விழுக்காடு என்பவற்றையே அது பதிவுசெய்கிறது. வரலாற்றிலும் குறி எக்காலத்தும் படைக்கலத்தின் உயிராக இருந்ததில்லை. மைசூரின் இரும்புக்குழல் ஏவுகணைகள் தனித்தனியே துல்லியம் குறைந்தவை. பெருந்தொகையாக ஏவப்பட்டு அணியைக் கலைத்ததே அவற்றின் வலிமை. வரியில்லாக் குழல் துப்பாக்கிகள் அணியாக நின்று ஒருங்கே சுடப்பட்டதும் தனிக்குறியின் ஐயப்பாட்டினாலேயே. நடுவில் குறுக்குக்கோடிட்ட திரை, அண்மைக் காலத் துப்பாக்கியின் இயல்பை எல்லாப் போரின் இயல்பாகக் காட்டிவிடுகிறது.

பிழைக்கு இடந்தரும்போது ஒரு தடை எழுவது இயல்பு. தற்செயலால் தோற்பதை ஆட்டக்காரர் எவரும் ஏற்பதில்லை. சரியாகக் குறிவைத்தும் தோட்டா விலகினால் அது பகடையாட்டமாகிவிடும். இத்தடை நேர்மையானது. எனினும் பகடையால் வரும் பிழையும் உடலால் வரும் பிழையும் ஒன்றல்ல. ஓடிவந்து உடனே குறிபார்த்தால் குழல் அசைதல், சுவரின்மேல் சார்த்தினால் நிலைத்தல் ஆகியன காரணம் உடைய பிழைகள். 2015இல் ‘ஆர்மா 3’ விளையாட்டில் துப்பாக்கியைச் சார்த்திச் சுடும் வசதி சேர்க்கப்பட்டது இத்தகையது. அங்கு ஆட்டக்காரர் தம் பிழையின் காரணத்தை அறிவார்; அறிந்து திருந்துவார். மெய்ம்மையை நாடும் ஆக்குநர்கள் செய்ய வேண்டியது இதுவே.

மெய்ம்மையின் இடர்

கருவியின் மெய்ம்மை மட்டும் வளர்வதில் ஓர் இடரும் உண்டு. அமெரிக்கத் தரைப்படை 2002 முதல் 2022 வரை நடத்திய ‘அமெரிக்காஸ் ஆர்மி’யில் சுடுபயிற்சியில் தேறிய பின்னரே களம் புக முடியும், மூச்சும் நிற்கும் நிலையும் குறியைப் பாதிக்கும். ஆயின் இரு குழுவினரும் தம்மை அமெரிக்க வீரராகவே காண்பர். எதிரணியினர் மட்டுமே பகைவராகத் தோன்றுவர். கைக்கு உலகியலும் பகைக்கு நாடகமும் வழங்கிய அத்தேர்வு ஆள்சேர்ப்பு நோக்கத்திற்கு உரியது. தானும் பிறர் கண்ணில் இலக்கே என்னும் உண்மையை அது மறைத்தது.

பிரெஞ்சு நிறுவனம் ஒன்றின் ‘அன்ரெக்கார்டு’ விளையாட்டின் முன்னோட்டம் 2023 ஏப்ரலில் வெளிவந்தபோது, காவலர் உடலில் அணியும் ஒளிப்பதிவுக் கருவியின் உண்மைப் பதிவோ எனப் பலர் ஐயுற்றனர். ‘ஆர்மா 3’ காட்சிகள் உண்மைப் போர்ச் செய்திகளாகப் பரப்பப்படுவது குறித்து 2022இல் அதன் ஆக்குநர்களே எச்சரித்தனர். 2025 மே மாதத்தில் இந்திய–பாகிஸ்தான் மோதலின்போதும் விளையாட்டுக் காட்சிகள் போர்க்காட்சிகளாகச் சமூக ஊடகங்களில் பரவின. அக்காட்சிகள் நம்பப்பட்டதற்குக் காரணம் அவற்றில் இரும்பும் புகையும் ஒளியும் உண்மைபோல் இருந்தமையே. மனிதர் அவற்றில் தொலைவுப் புள்ளிகளாக இருந்ததை எவரும் குறையாகக் கருதவில்லை. போரை நாம் காணப் பழகிவிட்ட முறையும் அதுவே.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். சுடுதல் விளையாட்டுகளில் மெய்ம்மை என்பது உலகியலின் அளவைப் பொறுத்தது அன்று; அதன் தேர்வைப் பொறுத்தது. கருவியின் நுணுக்கங்களைப் பெருக்குவது மட்டும் மெய்ம்மை ஆகாது. உடலின் அச்சமும் களைப்பும் குறிக்குள் புகுவதே மெய்ம்மை. காரணம் உடைய பிழைக்கு இடந்தரும் ஆக்கமே சுடுவோனை மனிதனாகக் காட்டும். ‘ஃபௌஜி’ துப்பாக்கியை விலக்கியபோது அதற்கு வாய்த்த அரிய வாய்ப்பு, உடலை எழுதும் மொழி கைவராமையால் நழுவியது. இனிவரும் இந்திய ஆக்கங்கள் அவ்விடத்திலிருந்து தொடங்கலாம்.

சீரங்கப்பட்டணத்து ஓவியர் துப்பாக்கியைச் சரியாக வரைந்தாரா என்று எவரும் கேட்பதில்லை. விரலை வாயில் வைத்த தோல்வியுற்றவன் ஒருவன் அச்சுவரில் இருக்கிறான். புள்ளலூரில் நிகழ்ந்தது போர் என்பதை அவன் முகமே உணர்த்துகிறது. அத்தகைய முகம் ஒன்று சுடுதல் விளையாட்டின் திரையில் தோன்றும் நாளில், குறிபார்க்கும் விரல் ஒரு கணம் தயங்கும். அத்தயக்கமே இவ்வகைப் பனுவல்கள் அடைய வேண்டிய மெய்ம்மை.